நடுப்பொத்தான்

குக்கர் அடித்தது மூன்றாவது விசிலா நான்காவதா என்று கோகிலவாணிக்குப் பிடிபடவில்லை. சென்னியப்பன் பேசிக்கொண்டிருந்தார்.

தொண்டையில் புற்று வந்து குரல்வளையை எடுத்து மூன்று வருடமாகியிருந்தது. கழுத்தில் ஒரு மெல்லிய பட்டை, சட்டைப் பையில் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு பெட்டி. அவர் வாயை அசைத்தால் தசைகளின் அசைவைப் பட்டை படித்துவிடும், பெட்டி பேசும். கம்பெனிக்காரர்கள் வைத்துக் கொடுத்த குரல் இருபத்தைந்து வயது இளைஞனுடையது, செய்தி வாசிப்பவன்போல நிறுத்தி நிதானமாகப் பேசும். முப்பது வருடம் பம்புசெட் கம்பெனியில் டெஸ்டிங் செக்‌ஷன் ஃபோர்மேனாக மோட்டார் இரைச்சலுக்கு மேலே கத்தியே பழகியவருக்கு அந்த நிதானம் போதவில்லை. சத்தத்தை உச்சத்தில் வைத்துக்கொண்டுதான் வீட்டில் உலாவுவார். அன்று காலையும் மாநகராட்சித் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒருமுறை வருவதைப் பற்றி, அந்தச் செய்தி வாசிப்பவனின் குரலில், சமையலறை வாசலில் நின்று திட்டிக்கொண்டிருந்தார்.

"கடலைக்கு நாலு விசிலுங்க. எண்ண விடுங்களேன் கொஞ்சம்" என்றாள்.

அவர் விடவில்லை. அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அவருடைய சட்டைப் பைக்குள் விரலை விட்டு, குமிழைக் கடைசிவரை திருகினாள். அவர் வாய் இன்னும் நாலைந்து சொல் அசைந்தது. சத்தம் வரவில்லை என்று தெரிந்ததும் சிரித்தார். செய்தித்தாளை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார்.

கடலையைத் தாளித்து ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு அவள் கூடத்துக்குப் போனபோது அவர் நாற்காலியில் தலை சாய்ந்திருந்தார். செய்தித்தாள் மடியில் இருந்தது. பக்கத்துத் தெரு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, உயிர் போய்ப் பத்து நிமிடம் ஆகியிருக்கலாம் என்றார்.

அதற்கப்புறம் ஒரே ஒரு கேள்விதான். அந்த நேரத்தில் அவர் தன்னைக் கூப்பிட்டாரா?

கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்காது. அதற்கு ஏற்பாடு செய்தவள் அவளே. யாரிடம் இதைச் சொன்னாலும், "அதெல்லாம் தூக்கத்துல போற மாதிரி போயிருப்பாருங்க" என்றார்கள். இருபத்தாறு வருடம் பாடப்புத்தக அச்சகத்தில் பிழை திருத்தியவள் அவள். 'இருப்பாரு' என்பது அவளுக்குப் போதாது. மூலத்தைப் பார்க்க வேண்டும்.

மூலம் இருந்தது. அந்தப் பெட்டி, சத்தம் வந்தாலும் வராவிட்டாலும், கடைசிப் பதினைந்து நிமிடப் பேச்சை எழுத்தாக வைத்திருக்கும். பேட்டரி நாற்பத்தைந்து நாள் தாங்கும். ஆனால் அதை எடுக்க அரசாங்கத்தின் பேச்சுப் பதிவு மையத்துக்குத்தான் போக வேண்டும். முன்பெல்லாம் வீட்டிலேயே படித்துக்கொள்ள முடிந்ததாம். யாரோ ஒரு மகன் அப்பாவின் கடைசிப் பேச்சில் நாலு வரி சேர்த்து ஒரு தோட்டத்தையே எழுதி வாங்கிக்கொள்ள, சட்டம் வந்துவிட்டது. இறந்தவர் சொல்லைக் கோப்பாகச் சேமிக்கக் கூடாது. போட்டோ எடுக்கக் கூடாது. ஒரு எழுத்தும் திருத்தக் கூடாது. பெட்டியிலிருந்து கம்ப்யூட்டரின் கிளிப்போர்டுக்கு வர வேண்டும், அங்கிருந்து வாரிசின் விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டத்தில் ஒட்ட வேண்டும், முத்திரை போட்டுத் தாளாக வரும். இடையில் எங்கும் தங்கக் கூடாது. படித்து முடித்ததும் பெட்டி தன்னைத் துடைத்துக்கொள்ளும்.

முதல் தடவை போனபோது வாரிசுச் சான்றிதழ் அசல் வேண்டும் என்றார்கள். இரண்டாம் தடவை, சான்றிதழில் வீட்டின் புது எண்ணும் பெட்டி வாங்கிய ரசீதில் பழைய எண்ணும் இருப்பதால் இரண்டும் ஒரே வீடுதான் என்று கவுன்சிலரிடம் எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். கவுன்சிலர் திருப்பதி போயிருந்தார். மூன்றாம் தடவை போனது நாற்பத்திரண்டாம் நாள். கொழுந்தன் நாச்சிமுத்துவும் கூட வந்தான். வரிசையில் நின்று பழக்கமில்லாதவன்.

"ஏனுங்க அண்ணி, இத்தனை கவுன்டர் போட்டு ஒண்ணுல மட்டும் ஆளு உக்காந்திருக்கான். மத்ததெல்லாம் கொலுவுக்கு வெச்சிருக்காங்களா?"

"பேசாம நில்லுங்க."

கவுன்டரில் முப்பது வயது மதிக்கத்தக்க தமீம் என்பவன் இருந்தான். காலையில் அந்த இடத்தில் பத்மாவதி மேடம் இருந்தாராம், பதினோரு மணிக்கு மீட்டிங்குக்குப் போய்விட்டாராம். தமீம் பெட்டியை வாங்கி இரண்டு கையாலும் பிடித்து மேசைமேல் வைத்தான். அதில் ஒரு வயரைச் சொருகினான்.

"மேடமா இருந்தா எல்லாத்தையும் திரையில வர வெச்சு, மவுஸால இழுத்துக் காப்பி பண்ணுவாங்கம்மா. நான் அப்படிப் பண்றதில்லீங்க. போனவங்க பேசினத நான் உக்காந்து படிக்கறது நல்லாவா இருக்கும்? நேரா கிளிப்போர்டுக்கே அனுப்பிடுவேன். என் கண்ணுல படாது. நீங்க ஒட்டும்போது நீங்க மட்டும் பாத்துக்கலாம்."

அவன் சொன்னது அவளுக்குப் பிடித்திருந்தது. கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினான். அடுத்த வரி காலியாக வந்து நின்றது. பெட்டியின் சின்ன விளக்கு மூன்று முறை மினுக்கி அணைந்தது.

"வந்துருச்சுங்க. பெட்டி துடைச்சாச்சு" என்று திரையை அவள் பக்கம் திருப்பிவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டான். "கன்ட்ரோல் வி அழுத்துங்கம்மா."

அழுத்தினாள். படிவத்தின் கட்டத்தில் எழுத்து வந்து நிறைந்தது.

*கன்னுக்குட்டிய மட்டும் வித்துராதீங்கடா. தாய்ப்பசு போன வருத்தத்துல இருக்குது. மூத்தவன் சொன்னா கேக்காதீங்க.*

அவள் ஒருமுறை படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"இது எங்க வீட்டுக்காரர் இல்லீங்க தம்பி."

"மனசு அப்படித்தாங்கம்மா இருக்கும். கடைசி நேரத்துல..."

"நாங்க மாடு வளக்கல. அவரு பாலே குடிக்க மாட்டார். எங்களுக்கு மூத்தவனும் இல்ல, இளையவனும் இல்ல."

தமீம் திரும்பிப் பார்த்தான். பார்த்ததும் அவன் முகம் வெளிறிப்போயிற்று. "ஐயோ. இது காலைல மேடம் எடுத்துக் குடுத்தது. அந்தியூர்க்காரங்களோடது."

"அப்ப எங்கண்ணன் எங்க தம்பி?" என்றான் நாச்சிமுத்து. "பெட்டியும் துடைச்சாச்சுங்கற. அண்ணன யாரு வீட்டுக்கு அனுப்பிட்ட? அந்தியூருக்கா?"

"இருங்க இருங்க. கை வெக்காதீங்க. யாரும் மவுஸத் தொடாதீங்க!"

தமீம் இரண்டு கைகளையும் மேசைக்கு மேலே தூக்கிக்கொண்டான். கோகிலவாணி அவன் முகத்தையே பார்த்தாள்.

"சொல்லுங்க. இருக்கா, போயிருச்சா?"

"இருக்குங்கம்மா. இந்தக் கம்ப்யூட்டர்ல கிளிப்போர்டு ரெண்டு. ஒண்ணு கன்ட்ரோல் வி போட்டா வர்றது. இன்னொண்ணு மவுஸோட நடுப்பொத்தான அழுத்தினா வர்றது. நான் போட்ட கட்டளையில எதுக்குப் போகணும்னு ஒரு சொல் எழுதியிருக்கணும். எழுதலீன்னா அது பாட்டுக்கு ரெண்டாவதுக்குப் போயிடும். எழுதினதாத்தான் நெனச்சேன். ஐயா ரெண்டாவதுல இருக்கார். மொதல்ல இருக்கறது காலைல மேடம் காப்பி பண்ணி வெச்சது. அது இன்னும் அங்கயே கெடக்குது."

"ஒரு வீட்டுக்கு எதுக்குப்பா ரெண்டு வாசல்?"

"தெரியலீங்கண்ணா. ஆதியில இருந்து அப்படித்தானாம்."

"செரி, அங்கதான இருக்குது, எடுத்துக் குடுங்க" என்றாள் அவள்.

"எடுக்கலாங்க. ஆனா அது பத்திரமா எங்கயும் உக்காந்திருக்கலீங்கம்மா. காப்பின்னு பேருதான். ஒரு சின்ன புரோகிராம் அதக் கையில வெச்சுக்கிட்டு நிக்குது. யாராவது வந்து கேட்டா அந்த நிமிஷம் குடுக்கும், குடுத்துட்டுப் போயிடும். ஒரு தடவைதான். சட்டம் அப்படி. கேக்கறதுக்கு முன்னாடி யாராச்சும் மவுஸால வேற ஒரே ஒரு எழுத்த இழுத்துப் பிடிச்சாலும் போதும், இத விட்டுட்டு அதப் பிடிச்சுக்கும்."

"கேக்கவே இல்லீன்னா?"

"நின்னுட்டே இருக்குங்க. கம்ப்யூட்டர அணைக்கற வரைக்கும்."



முதலில் கட்டத்தைக் காலி செய்ய வேண்டும். வழக்கமாக மவுஸால் இழுத்து அழிப்பான், இப்போது அது கூடாது. அந்தக் கட்டத்தில் ஒரு எழுத்தை அழித்தால் மொத்தமும் அழிந்துபோகும்படி வைத்திருந்தார்கள், யாரும் திருத்தக் கூடாது என்பதற்காக. விசைப்பலகையில் ஒரே ஒரு தட்டு. கன்றுக்குட்டி போயிற்று.

"அவங்களுக்கு அவங்க பேப்பர் போயிருச்சுங்களா?" என்று கேட்டாள்.

"காலைலயே வாங்கிட்டுப் போயிட்டாங்கம்மா."

"அப்பச் செரி."

இப்போது நடுப்பொத்தான். தமீம் சுட்டியைக் கட்டத்தின்மேல் மெல்லக் கொண்டுபோய் வைத்து, மவுஸின் சக்கரத்தை அழுத்தினான். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினான். சக்கரம் உள்ளே போகவே இல்லை. எத்தனையோ பேர் விரல் பட்டு அழுக்கேறி இறுகிப் போயிருந்தது.

"அரசாங்க மவுஸு" என்றான் நாச்சிமுத்து. "அண்ணன் ஃபோர்மேனா இருந்திருந்தா இதத் தூக்கி ஸ்கிராப்புல போட்டிருப்பார். ஒரு சொட்டு எண்ணெய் விடறதுக்கு ஆளில்ல."

"அண்ணா, பக்கத்துக் கவுன்டர்ல ஒண்ணு இருக்குது. அதக் கழட்டிக் கொண்டாங்க. மெதுவா. மேசைய இடிச்சுராதீங்க."

நாச்சிமுத்து காலிக் கவுன்டரின் மேசைக்கு அடியில் குனிந்து, தூசியும் பல்லி முட்டையுமாக ஒரு மவுஸைப் பிடுங்கிக்கொண்டு வந்தான். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். "ஒரு மணிக்கு மூடிருவானுக. நாங்க எப்பப் போறது?" என்றார் ஒருவர். நாச்சிமுத்து திரும்பி, "எங்கண்ணன் உள்ள நின்னுட்டு இருக்காருங்க. கொஞ்சம் பொறுங்க" என்றான். அந்த ஆள் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் புரியாமல் தன் இடத்துக்குத் திரும்பினார்.

தமீம் புது மவுஸைச் சொருகினான். திரையில் சுட்டி துள்ளி எங்கோ போய் நின்றது. அவன் கண் கட்டத்தின்மேலேயே இருந்தது. சுட்டியை நகர்த்த நினைத்துச் சக்கரத்தின்மேல் விரல் வைத்தான். இது எண்ணெய் போட்டதுபோல இளகிய சக்கரம், லேசாகப் பட்டதுமே அழுந்திவிட்டது.

கட்டம் காலியாகவே இருந்தது. பக்கத்தில், கட்டளை தட்டும் கறுப்புத் திரையில் எழுத்துகள் கொட்டின.

சுட்டி அந்தத் திரையின்மேல்தான் நின்றிருந்தது. கறுப்புத் திரைக்கு எதைக் கொடுத்தாலும் கட்டளை என்றுதான் நினைத்துக்கொள்ளும். ஒவ்வொரு வரியையும் நிறைவேற்றப் பார்த்து, முடியாமல், பதில் சொல்லியிருந்தது. யாரோ புண்ணியவான் அந்தப் பதில்களைத் தமிழில் வேறு மாற்றி வைத்திருந்தார்.

*ஆமா எம் பேச்ச விடக் கடலைதான் முக்கியம்*
*ஆமா: கட்டளை காணப்படவில்லை*
*நாலு விசில் ஆச்சு நாலையும் நாந்தான் எண்ணினேன் கேட்டாத்தான*
*நாலு: கட்டளை காணப்படவில்லை*
*பேப்பர்ல ரெண்டு பக்கம் பம்புசெட் விளம்பரம் எவனும் டெஸ்டிங் பத்தி ஒரு வரி எழுதல*
*பேப்பர்ல: கட்டளை காணப்படவில்லை*
*வேர்க்குது*
*வேர்க்குது: கட்டளை காணப்படவில்லை*
*ஃபேனப் போடு*
*ஃபேனப்: கட்டளை காணப்படவில்லை*
*கோகிலா*
*கோகிலா: கட்டளை காணப்படவில்லை*
*கோகிலா*
*கோகிலா: கட்டளை காணப்படவில்லை*
*அட சத்தம் இல்லயே மறந்தே போச்சு*
*அட: கட்டளை காணப்படவில்லை*
*குமிழு எட்ட மாட்டேங்குது கை போகல*
*குமிழு: கட்டளை காணப்படவில்லை*
*செரி வருவா கடலை வெந்ததும் வருவா*
*செரி: கட்டளை காணப்படவில்லை*

அச்சகத்தில் அவளுக்குப் பழக்கிவிட்ட முறை ஒன்று உண்டு. முதல் வாசிப்பில் எழுத்தை மட்டும் பார்க்க வேண்டும். பொருளுக்குள் போனால் பிழை தப்பிவிடும். பொருள் இரண்டாவது வாசிப்பில்தான். அந்தப் பழக்கத்திலேயே மேலிருந்து கீழே வந்தாள். ஒற்று சரி, கொம்பு சரி, ஒரு முற்றுப்புள்ளிகூட இல்லை. கடைசி வரிக்கு வந்து, மறுபடி மேலே போனாள்.

இரண்டாவது வாசிப்பில் பதினொன்றாம் வரியில், தன் பெயரில், நின்றுவிட்டாள்.

நாச்சிமுத்து அவளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தான். "அண்ணி, வாங்க போலாம்" என்றான். குரல் வேறு மாதிரி இருந்தது. "போதும் அண்ணி. பேப்பரெல்லாம் வேண்டாம். வாங்க."

"இருங்க. படிச்சு முடிக்கல."

முடித்தாள். தமீம் அவளைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "படிக்கக் கூடாதுன்னுதாங்கம்மா அப்படிப் பண்ணினேன்" என்றான். "கடைசியில எல்லாத்தையும் படிச்சுட்டேன்."

"கண்ணு முன்னாடி வந்தா படிக்காம என்ன பண்ணுவீங்க."

"மேடம் மாதிரியே பண்ணியிருந்தா..."

"ஆமாங்க. பண்ணியிருக்கலாம்" என்றாள். அவனுக்கு ஆறுதல் சொல்லும் தெம்பு அன்று அவளுக்கு இல்லை.

புரோகிராம் கொடுத்துவிட்டுப் போய்விட்டது. இனி மிச்சமிருந்தது கறுப்புத் திரையில் உள்ளது மட்டும். தமீம் அதை மேலிருந்து கீழ்வரை மவுஸால் இழுத்துப் பிடித்தான். நடுநடுவே உள்ள பதில்களை விட்டுவிட்டு எடுக்க வழியில்லை. கட்டம் ஒரே தடவைதான் வாங்கும். ஒட்டிய பிறகு ஒரு எழுத்தைத் தொட்டாலும் எல்லாம் போய்விடும்.

"இப்படியே ஒட்டட்டுங்களாம்மா? இல்ல, காலியா விட்டு 'தகவல் இல்லை'ன்னு போட்டுரட்டுங்களா?"

"தகவல் இருக்குதே" என்றாள் அவள். "ஒட்டுங்க."

பன்னிரண்டு ஐம்பதுக்குத் தாள் வந்தது. முத்திரை, கையெழுத்து, நாள். 'இறந்தவர் கூறியவை, எவ்விதத் திருத்தமும் இன்றி' என்று தலைப்பு. சென்னியப்பன் ஒரு வரி, கம்ப்யூட்டர் ஒரு வரி. பஸ்ஸில் நாச்சிமுத்து ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான். கணபதி நிறுத்தம் வரும்வரை அவன் எதையும் குறை சொல்லவில்லை.

வாரம் ஒன்று கழித்து அவள் மையத்துக்கு ஒரு மனு எழுதினாள். கையால் எழுதி, படித்து, திருத்தி, மறுபடி எழுதினாள். சான்றிட்ட பிரதியில் பத்து வரிகள் இறந்தவர் கூறியவை அல்ல, இயந்திரம் கூறியவை. தலைப்பு அவற்றை இறந்தவர் கூற்று என்கிறது. இது பிழை. மேலும், கோகிலா காணப்படவில்லை என்று பொருள்படும் பன்னிரண்டாம் வரியும் பதினான்காம் வரியும் பொருளளவிலும் தவறு. கோகிலா என அழைக்கப்பட்டவர் அவ்வேளையில் சமையலறையில், அழைத்தவருக்குப் பத்தடி தூரத்தில் இருந்தார். குரல் அணைக்கப்பட்டிருந்ததால் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வந்திருப்பார். ஆகவே மேற்படி பத்து வரிகளையும் நீக்கித் தருமாறு வேண்டுகிறேன். அத்துடன், கட்டளையில் விடுபட்ட அந்த ஒரு சொல்லை எல்லாக் கவுன்டர்களிலும் நிரந்தரமாகச் சேர்த்துவிட்டால் அடுத்து வருபவர்களுக்கு இந்தச் சிரமம் இருக்காது.

பதில் வர ஏழு வாரம் ஆயிற்று. கீழே பத்மாவதி மேடத்தின் கையெழுத்து. சான்றிட்ட பிரதியில் மாற்றம் செய்ய விதிகளில் இடமில்லை. கட்டளை குறித்த ஆலோசனை தலைமையிடத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது. மனுவில் தாங்கள் குறிப்பிட்டுள்ள தூரம் முதலிய விவரங்கள் இம்மையத்தின் ஆய்வுக்கு உட்பட்டவை அல்ல.

தூரம் என்ற சொல்லில் அவள் நின்றாள். பத்தடி என்று எழுதியிருக்கிறாள். எதை வைத்து எழுதினாள்? குத்துமதிப்பாக. இருபத்தாறு வருடத்தில் ஒரு எண்ணையும் சரிபார்க்காமல் அவள் அச்சுக்கு விட்டதில்லை.

எழுந்து போய் அவருடைய கருவிப் பெட்டியிலிருந்து அளவு நாடாவை எடுத்தாள். ஒரு முனையை அடுப்புக்கு முன்னால் தான் நின்ற இடத்தில் வைத்து, மேலே அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தாள். மறுமுனையை இழுத்துக்கொண்டு, கதவைத் தாண்டி, கூடத்து நாற்காலிவரை போனாள். நாடா தொய்யாமல் பிடித்து, கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு பார்த்தாள்.

ஒன்பதரை அடி.